புறவழியை விட்டு ஊருக்குள் வாருங்கள்

விருதுநகரிலிருந்து திருநெல்வேலிக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். நாற்கரச் சாலை வந்தபிறகு ஒன்றரை மணி நேரத்தில் கார் கடந்துவிடுகிறது. சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று பச்சைப் பலகைகள் வருகின்றன, போகின்றன. பசித்தால் கண்ணாடி போட்ட ஒரு பெரிய உணவகத்தில் நிறுத்துகிறோம். அங்கே கிடைக்கிற தோசையும் பிரியாணியும் செங்கல்பட்டுப் பக்கமும் கிடைக்கும். கை கழுவிவிட்டு வண்டியேறும்போது எந்த மண்ணில் நின்றோம் என்பதே மனதில் பதிவதில்லை.

இதைப் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் நின்று நின்று போவதற்கென்றே ஒரு சாலை உண்டென்றால், அது இந்தக் கரிசல் சாலைதான். காவிரிக் கரையில் விளைகிற சோற்றை அங்கேயே இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கரிசலின் பெயர்பெற்ற பண்டங்கள் அப்படியல்ல; துணியில் முடிந்து, பெட்டியில் கட்டி, நாலு நாள் கழித்து இன்னொரு ஊரில் பிரித்தாலும் கெடாதவை. சேவு, கடலைமிட்டாய், கருப்பட்டி, வத்தல் எல்லாம் வழிப்பயணத்துக்கென்றே பிறந்த தின்பண்டங்கள். இந்த மண்ணின் பழைய உடுப்பும் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்களின் உடுப்புதான். பழைய பாணியில் உடுத்திக்கொண்டு நல்ல சாப்பாடு தேடிப் பயணம் போக விரும்பும் இளைஞர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வரவேண்டிய இடம் இது.

இங்குள்ள ஊர்கள் பலவும் வளர்ந்ததே வண்டி நிறுத்தங்களாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டிகள் வடக்கே போயின. வழிப்பறிப் பயம் மிகுந்த காலம் அது. நாடார் வணிகர்கள் வழிநெடுகச் சுற்றுச்சுவர் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். இருட்டியதும் வண்டி, மாடு, சரக்கு எல்லாம் பேட்டைக்குள் வந்துவிடும். அங்கே வசூலான கட்டணமும், வியாபாரிகள் தங்களுக்குள் விதித்துக்கொண்ட மகமையும் ஊர்ப் பொதுப்பணமாகச் சேர்ந்தன. சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் என்ற ஆறு ஊர்களும் இந்தப் பேட்டைகளைச் சுற்றித் தழைத்தவை. விருதுநகரில் 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி அந்தப் பொதுப்பண மரபில் வளர்ந்ததே. இந்தச் சாலையில் ஒரு வண்டி நின்றால் ஊருக்குக் காசு வரும், காசு வந்தால் பள்ளிக்கூடம் வரும். புறவழிச் சாலை அறுத்தது இந்தத் தொடர்பைத்தான்.

விருதுநகரில் இறங்கினால் மாலைப்பொழுதாக இருக்கட்டும். எண்ணெய்ப் பரோட்டா சூடேறுவது அப்போதுதான். கல்லில் எண்ணெய் குளமாகத் தேங்கி நிற்க, உள்ளங்கை அகலப் பரோட்டாக்கள் அதில் மிதந்து வேகும். வெளியே முறுகி, உள்ளே அடுக்கு அடுக்காக மிருதுவாக இருக்கும் பதத்தில் எடுப்பார்கள். அதைக் கையால் நொறுக்கி இலையில் பரப்பி, மேலே சால்னாவைத் தாராளமாக ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட வேண்டும். அவசரக்காரர்கள் அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிடுகிறார்கள். பர்மா கடை பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். ஆனால் ஊரில் எந்தத் தெருவில் கல் காய்ந்துகொண்டிருந்தாலும் நம்பி உட்காரலாம். சாப்பிட்டபின் பவண்டோ குடிப்பது இந்த ஊருக்குச் செய்யும் மரியாதை. பவண்டோ தயாரிக்கும் காளிமார்க் நிறுவனத்தை பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கியது இதே விருதுநகரில், 1916-ல். அயல்நாட்டுக் குளிர்பானங்கள் எத்தனையோ உள்ளூர்க் கலர்களை விழுங்கியபிறகும் நிற்கிற பெயர் அது.

சாத்தூர் வைப்பாற்றின் கரையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீரைப் பார்ப்பது அரிது. கோடையில் சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு வரும், மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவி. ஆனால் ஊரின் கொடி காராச்சேவுதான். கடலை மாவும் அரிசி மாவும் பூண்டும் வத்தலும் சேர்த்துப் பிசைந்த மாவை, துளைபோட்ட பெரிய கரண்டியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க, கொதிக்கிற எண்ணெயில் அது துண்டு துண்டாக விழும். இயந்திரத்தில் பிழிந்த சேவு ஒரே கனமாக இருக்கும். கையால் தேய்த்ததில் ஒரு துண்டு தடிமன், ஒரு துண்டு ஒல்லி, ஒரு முனை கருகல். அந்த ஏற்ற இறக்கம்தான் வாயில் சுவையாக மாறுகிறது. பக்கத்திலேயே கருப்பட்டி மிட்டாயும் இருக்கும். சேவையும் மிட்டாயையும் மாற்றி மாற்றிக் கடிப்பது இங்கே சிறுவயதுப் பழக்கம். ஒரு தடவை செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

சாத்தூரிலிருந்து கோவில்பட்டி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இங்கே வந்தபின் அவசரப்படக் கூடாது.

பாகு பதம்

கோவில்பட்டியைச் சுற்றி ஆண்டுக்குப் பெய்வது எழுநூறு மில்லிமீட்டர் சொச்சம் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்த ஈரத்தை வெகுநாள் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ஒரு மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் மல்லியும் பருத்தியும் விளைகின்றன. அடுத்த மழை எப்போது என்று தெரியாத இடத்தில் மனிதர்கள் உணவைச் சேமிக்கக் கற்கிறார்கள். வறுத்தார்கள், வற்றலாகக் காயவைத்தார்கள், பாகில் கட்டினார்கள்.

கடலைமிட்டாய் அந்தக் கல்வியின் உச்சம். பனங்கருப்பட்டியில் செய்துவந்த மிட்டாயை 1940-களில் கரும்பு வெல்லத்துக்கு மாற்றி, இன்றைய வடிவத்தைக் கொடுத்தவராக ஊர் சொல்லுவது பொன்னம்பல நாடாரை. சந்தையில் மளிகைக்கடை வைத்திருந்தவர் அவர். நிலக்கடலையை வறுத்து, தோல் நீக்கி, பருப்பை இரண்டாக உடைத்து வைத்துக்கொள்வார்கள். இன்னொரு அடுப்பில் வெல்லப்பாகு கொதிக்கும். பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். அது சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை, கசந்தால் காய்ந்துவிட்டது. அந்த இடைவெளி சில நொடிகள்தான். பாகில் பருப்பைக் கொட்டிக் கிளறி, பலகையில் ஊற்றி, உருளையால் சமன்செய்து, சூடு ஆறுமுன் வெட்டிவிட வேண்டும். மேலே பச்சை, மஞ்சள், ரோஸ் நிறத்தில் தேங்காய்ப்பூத் தூவுவது பழைய அலங்காரம். அந்த நிறங்களைப் பார்த்தே இது எந்த ஊர் மிட்டாய் என்று சொல்லிவிடலாம்.

கோவில்பட்டி வட்டார உற்பத்தியாளர்கள் 2014-ல் விண்ணப்பித்தார்கள். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல், செம்மண் நிலத்துக் கடலை, நல்ல வெல்லம், குழாய் வழியே ஊருக்கு வரும் தாமிரபரணித் தண்ணீர் என்ற மூன்றையும் அந்த ருசிக்குக் காரணமாகச் சொல்கிறார்கள். பேருந்து நிலையத்தில் ஜன்னலோரம் பாக்கெட்டை நீட்டி விற்பவர்கள்தான் இந்த மிட்டாயைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. மதுரைக்கும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிற ஒவ்வொரு வண்டியும் ஊருக்குள் பத்து நிமிடம் நின்ற நாட்களில் அது நடந்தது. குறியீடு சட்டத்தின் அங்கீகாரம். மக்களின் அங்கீகாரத்தை அந்த ஜன்னலோர வியாபாரம் அதற்கு வெகுகாலம் முன்பே வாங்கிக் கொடுத்திருந்தது.

மிட்டாய் வாங்கியதும் திரும்பிவிடாதீர்கள். செண்பகவல்லி அம்மன் கோயில் பக்கம் நடந்தால் பழைய கடைவீதியின் நடை தெரியும். ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் தீப்பெட்டி ஒன்று வாங்குங்கள். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி முக்கோணம் இந்தியாவின் தீப்பெட்டி நாடானது. விவசாயம் பொய்த்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு அடுப்பெரிய வைத்தது அந்தத் தொழில்தான். தீக்குச்சி அடுக்கிய பிஞ்சுக் கைகளின் கதையும் அதற்குள் உண்டு. அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கு மீட்க நீண்ட போராட்டம் நடந்தது. 14 ஆண்டுகள் ஒரே விலையில் நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது.

தீப்பெட்டியின் மேல் ஒட்டிய படத்தை நான் இந்த மண்ணின் ஓவியப் பள்ளி என்பேன். கிளி, சிங்கம், சாவி, தாமரை, சினிமா முகம். சிவப்புப் பின்னணியில் மஞ்சள், மஞ்சளுக்குள் கறுப்புக் கோடு. தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டு வாங்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த வண்ணச் சேர்க்கை அது. உலகெங்கும் தீப்பெட்டிப் படம் சேகரிப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். இன்று பழைய பாணி என்று சட்டையிலும் துணிப்பையிலும் அச்சாகிற வடிவங்களின் ஊற்று இந்தப் பெட்டிக்கடைப் பலகையில் இரண்டு ரூபாய்க்கு இருக்கிறது.

உடுத்திக்கொள்ள ஒரு மண்

பழைய பாணி என்றதும் 1980-ஐக் கதைக்களமாகக் கொண்டு 2008-ல் வந்த சுப்பிரமணியபுரம் படத்தின் தாடியும் பெரிய காலர் சட்டையும் பலர் நினைவுக்கு வரும். வண்டியிலும் அதே ஆசை தெரிகிறது. மறைந்துபோன ஜாவா 2018-லும் யெஸ்டி 2022-லும் பழைய வளைவுகளோடு மறுபடி சந்தைக்கு வந்தன. 1955 முதல் சென்னையில் உருவாகிற புல்லட்டின் மேல் அந்த ஆசை தணிந்ததே இல்லை. இதெல்லாம் அழகுதான். ஆனால் கரிசலில் இன்னும் பழைய, இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. அது பருத்தி.

கருங்கண்ணி என்பது இந்த மண்ணின் நாட்டுப் பருத்தி. இழை குட்டை. மழையை மட்டும் நம்பி வளரும். வறட்சியையும் பூச்சியையும் தாங்கும். கோவில்பட்டியில் 1901-லேயே விவசாய ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இங்கிருந்து வெளிவந்த கே வரிசைப் பருத்தி ரகங்கள் கருங்கண்ணியின் வழித்தோன்றல்கள். ஆலைகளின் வேகமான கதிர்களுக்கு நீண்ட இழை தேவைப்பட்டது. அதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது, பிறகு கலப்பினங்கள் வந்தன, கருங்கண்ணி பின்வாங்கியது. ஆனால் குட்டை இழை கைராட்டைக்கு ஏற்றது. அதில் நெய்த துணி சற்றுத் தடிப்பாக, வியர்வையை உடனே குடித்துக்கொள்வதாக, துவைக்கத் துவைக்க மிருதுவாவதாக இருக்கும். சென்னையின் துலா போன்ற சில குழுக்கள் மழையை நம்பிய நாட்டுப் பருத்தியை உழவர்களிடம் நேரடியாக வாங்கி, கைநூற்று, கைத்தறியில் நெய்து சட்டையாகக் கொண்டுவருகின்றன. கோடையில் இந்தச் சாலையில் போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான சட்டை வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சாலையின் பெரிய மனிதர்கள் எல்லோரையும் உடுப்பை வைத்தே நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்பது வியப்பான விஷயம். வடக்கே மதுரை. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். விருதுநகரில் 1903-ல் பிறந்த காமராஜர் முதலமைச்சரான பிறகும் தொளதொளவென்ற கதர் அரைக்கைச் சட்டையையும் தோளில் துண்டையும் மாற்றவில்லை. அந்தச் சட்டையின் வெட்டை இன்றைய தையற்காரரிடம் சொல்லித் தைத்துப் பாருங்கள். அக்குளில் காற்று போகும், கை தூக்கினால் இழுக்காது, பேருந்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் உடம்பைப் பிடிக்காது. கிழக்கே எட்டயபுரம். 1882-ல் அங்கே பிறந்த பாரதி, காசிக்குப் போய்க் குடுமியை எடுத்து, மீசை வைத்து, தலைப்பாகை கட்டித் திரும்பினார். பிறகு அந்தத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் தமிழின் முகமே ஆகிவிட்டன. தெற்கே கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அந்த இடத்தில் நிற்கும் சிலையை எழுப்ப முன்னின்றவர் சிவாஜி கணேசன். 1959-ல் வந்த படத்தில் சிவாஜி உடுத்தி நின்ற கோலத்தில்தான் நம் மனம் கட்டபொம்மனைப் பார்க்கிறது. ஒரு நடிகனின் உடை ஒரு பாளையக்காரரின் உருவமாகவே நிலைத்துவிட்டது.

பெண்களின் உடுப்பைப் பற்றி இப்படிப் பெயர் சொல்லி எழுதிவைத்தவர்கள் குறைவு. ஆனால் கைத்தறி மறக்கவில்லை. மதுரையில் சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடி, அரக்குக்கும் கடுகு மஞ்சளுக்கும் பெயர்போன காரைக்குடிக் கண்டாங்கி, இந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே நெசவுக்குப் பேர்போன அருப்புக்கோட்டைச் சேலை. மூன்றும் பருத்தி, மூன்றும் தூசி தெரியாதவை, மூன்றும் கைப்பையில் சுருட்டி வைத்தாலும் உதறிக் கட்டிக்கொள்ளலாம். காதில் பாம்படமும் தண்டட்டியும் போட்ட பாட்டிகளை எண்பதுகள் வரைக்கும் எந்தக் கரிசல் ஊரிலும் பார்க்கலாம். கனசதுரமும் உருண்டையும் தகடுமாக இணைத்த பாம்படத்தின் வடிவம், இன்றைய எந்த வடிவமைப்பாளரும் பொறாமைப்படும் துணிச்சல். காது குத்தி, துளையைச் சிறுவயதிலிருந்தே மெல்ல மெல்லப் பெருக்கி, தோள் வரை வளர்த்த காது அது. அந்த வலியை நாம் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. அதே வடிவத்தைச் சின்னதாக வெள்ளியில் செய்து போட்டுக்கொள்கிற பெண்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய உடுப்பு எல்லோருக்கும் கிடைத்த உடுப்பல்ல. பக்கத்து ராமநாதபுரம் சீமையில் 1930-ல் ஆதிக்க சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள்மேல் விதித்த தடைகளில், ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பொன்னும் வெள்ளியும் பூணக் கூடாது, செருப்பும் குடையும் கூடாது என்பவை இருந்தன. தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி 1859-ல்தான் மேலாடை உரிமை பெற்றார்கள். அதனால் பாட்டன் காலத்துச் சட்டை என்று நாம் ஆசையாகச் சொல்லும்போது, யாருடைய பாட்டனுக்குச் சட்டை இருந்தது என்று கேட்கிறவர்களும் நம்மோடு அதே பேருந்தில் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். தோளில் துண்டு போட்டதற்காக ஒருவரின் தாத்தா அடிவாங்கிய தெருவில், இன்று அவருடைய பேரன் மடிப்புக் கலையாத வேட்டியும் கைத்தறித் துண்டும் போட்டு நடந்தால், அதைப் பழமை மோகம் என்று யாரும் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. வேட்டி, துண்டு, கண்டாங்கி, வெள்ளிப் பாம்படம் எல்லாமே இன்று யார் வேண்டுமானாலும் அணிகிற பொதுச் சொத்தாகியிருப்பதுதான் இந்த உடுப்புகளுக்குக் கிடைத்த உண்மையான மறுபிறப்பு.

இத்தாலியில் ஒரு மண் சாலை

பழைய உடுப்பையும் உணவையும் வைத்தே தன் சாலைகளைக் காப்பாற்றிய ஓர் ஊர் உண்டு: இத்தாலியின் டஸ்கனியில் கையோலே என்ற சிற்றூர். அங்கே 1997-ல் லெரோய்கா என்றொரு மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார்கள். தார் போட்டு அழிந்துகொண்டிருந்த வெள்ளை மண் சாலைகளைக் காப்பாற்றுவது நோக்கம். 1987-க்கு முந்தைய காலத்து இரும்புச் சட்ட மிதிவண்டியில்தான் வரவேண்டும், உடுப்பும் அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டையாக இருக்க வேண்டும். வழியில் ஊர்க்காரர்கள் மேஜை போட்டு, ரொட்டியும் காய்கறியும் வேகவைத்த உள்ளூர்க் கஞ்சியான ரிபொலித்தாவும் பதனிட்ட இறைச்சியும் பரிமாறுவார்கள். முதல் ஆண்டு நூறு பேருக்கும் குறைவாகவே வந்தார்கள். பிறகு உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள், சாலைகள் பிழைத்தன.

அமெரிக்காவின் அரிசோனாவில் செலிக்மேன் என்ற ஊரையும் சொல்ல வேண்டும். 1978 செப்டம்பரில் புதிய விரைவுச்சாலை திறந்த நாளில் ஊர் வழியே போன பழைய 66-ஆம் எண் சாலையில் வண்டிகள் நின்றுபோயின. ஏஞ்சல் டெல்காடிலோ என்ற முடிதிருத்துபவர் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி 1987-ல் ஒரு சங்கம் அமைத்து, அந்தப் பழைய சாலைக்கு வரலாற்றுச் சாலை என்ற தகுதியை வாங்கினார். பழைய பெயர்ப்பலகைகள், பழைய கார்கள், பழைய சாப்பாட்டுக் கடைகளைப் பார்க்கவே இன்று அங்கே மக்கள் போகிறார்கள்.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இதைவிடப் பெரிய முதல் கையிலிருக்கிறது. கருங்கண்ணிச் சட்டையும் சுங்குடிச் சேலையும் உடுத்தி, பழைய புல்லட்டிலோ 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரிலோ, விருதுநகர் முதல் கயத்தாறு வரை ஊர் ஊராக நின்று போகும் ஒரு கார்த்திகைப் பயணத்தை யாராவது தொடங்கலாம். பேட்டையில் வண்டி நிறுத்திய மரபுள்ள ஊர்களுக்கு விருந்தோம்பலை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கார்த்திகை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மழை பெய்தபின் கரிசல் காட்டில் யாரும் விதைக்காமலே அதலைக்காய்க் கொடி படரும். சுண்டுவிரல் கூட இல்லாத காய், பாகலின் பங்காளி, கசப்பும் அதேபோல். சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் சுருள வதக்கினால் கம்மஞ்சோற்றுக்கும் குதிரைவாலிச் சோற்றுக்கும் அதுவே போதும். பறித்த மறுநாளே வாடத் தொடங்கும். அதனால் சென்னைக் கடைகளுக்கு வந்து சேராது. இந்தச் சாலையில் கெடாத பண்டங்களைத்தான் இதுவரை புகழ்ந்தேன். அதலைக்காய் விலக்கு. அதைத் தின்ன வேண்டுமானால் மழைக்காலத்தில் நாம்தான் இங்கே வரவேண்டும். உழவர் சந்தைகளிலும் தெருவில் கூடை வைத்திருக்கும் பெண்களிடமும் கேட்டுப் பாருங்கள். கூடவே மிதுக்கு வத்தலும் கிடைத்தால் விடாதீர்கள். அது வருஷம் முழுக்க வரும்.

கோவில்பட்டியை நடுவில் வைத்து இரண்டு கிளைப்பாதைகள் போகலாம். கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, கல்கியின் முயற்சியால் எழுந்து 1947-ல் திறந்த மணிமண்டபம், 1835 தீபாவளி நாளில் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலம். ஒரு சின்ன ஊர் இத்தனையையும் வைத்துக்கொண்டு எளிமையாக இருக்கிறது. மேற்கே இருபது கிலோமீட்டரில் கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து தொடங்கி, முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். அணிகலன்களில் ஆர்வமுள்ளவர்கள் வெட்டுவான் கோயிலின் உருவங்களில் காதையும் கழுத்தையும் நின்று பார்க்க வேண்டும்; ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைய நகைக்கடை அது. காலை வெயில் ஏறுமுன் மலையேறிவிடுவது நல்லது. பாறை சுடும்.

தெற்கே நெடுஞ்சாலையிலேயே இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். ஒரே ஊரில் பிறந்த இரண்டு நண்பர்கள் தமிழ்ச் சிறுகதையை இந்த மண்ணின் வாசனையோடு மாற்றியமைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பூமணியும் சோ. தர்மனும் இதே சுற்றுவட்டாரத்திலிருந்து வந்து சாகித்ய அகாடமி விருது பெற்றார்கள். நூலகம் போகிறவர்கள் இந்தப் பயணத்துக்கு முன் இவர்களில் ஒருவரையாவது படித்துவிட்டு வாருங்கள். கம்மஞ்சோறு அப்போது வேறு ருசியாக இருக்கும்.

ரயிலில் வருகிறவர்களும் வருத்தப்பட வேண்டாம். கோவில்பட்டிக்குத் தெற்கே கடம்பூர் நிலையத்தில் போளி வாங்குவது இந்தப் பாதையின் பழைய வழக்கம். கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்த பூரணத்தை மெல்லிய மாவுக்குள் வைத்துத் தட்டிச் சுட்ட போளி. இப்போது பல விரைவு ரயில்கள் அங்கே நிற்காமல் பறக்கின்றன. அதனால் பயணச்சீட்டு எடுக்கும்போதே கடம்பூரில் நிற்கும் வண்டிதானா என்று பார்த்து எடுங்கள். பேருந்தில் வருவதென்றால் மதுரையில் ஏறுமுன் நடத்துனரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: வண்டி சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் ஊருக்குள் போகுமா, புறவழியில் போகுமா? ஊருக்குள் போகிற வண்டி அரைமணி தாமதமாகத்தான் போய்ச்சேரும். அதில் ஏறுங்கள்.